படம் வரையும் சிப் எங்கே போனது?

மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போகாத பிள்ளை திருமலைராயன்பட்டினத்தில் உண்டா? திருக்கண்ணபுரத்து சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக நம் ஊர்க் கடலுக்கு வருகிறார். மீனவர் குடும்பங்கள் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டு வரவேற்கின்றன. மேளம் ஒரு பக்கம், அலை ஒரு பக்கம். கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டால் அலை மறுபடி புரண்டு வருகிறது, குடை ஆடுகிறது, மணலில் கால் புதைய ஆட்கள் நடக்கிறார்கள். திரையில் இதையெல்லாம் வரைவது யார்? "போன்தான்!" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடாதீர்கள். போனுக்குள்ளே எது என்பதுதான் கேள்வி.

அதற்கென்றே ஒரு பகுதி உள்ளே இருக்கிறது. கிராபிக்ஸ் பிராசசர் என்று பெயர், சுருக்கமாக ஜிபியு. உங்கள் அப்பா அம்மா பள்ளியில் படித்த காலத்தில், கம்ப்யூட்டரில் நல்ல விளையாட்டு ஓட வேண்டுமானால் அதைத் தனி அட்டையாக, தனி விலை கொடுத்து வாங்கிச் செருக வேண்டும். இன்று கடையில் வாங்கும் சாதாரண லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் அப்படி ஓர் அட்டையே இருக்காது. படம் மட்டும் அன்றைக்கு இருந்ததைவிட அழகாக ஓடுகிறது. அட்டை எங்கே போனது? வாருங்கள், துப்பறிவோம்.

திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்

முதலில் ஒரு சோதனை. பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜில் போடாத ஒரு செல்போனில் வெள்ளைத் திரை தெரியும்படி வையுங்கள். விரல் நுனியை நீரில் நனைத்து, கடுகளவு துளி ஒன்றைத் திரையின் நடுவில் வையுங்கள். ஓரத்துத் துளைகளில் நீர் இறங்கிவிடக் கூடாது. இப்போது துளிக்குள் உற்றுப் பாருங்கள்.

வெள்ளை காணாமல் போய்விட்டது, பார்த்தீர்களா? சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக நிறங்கள் தெரிகின்றன. துளியின் மேல்புறம் வளைந்திருப்பதால் அது ஒரு குவிலென்ஸாகி, கீழே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. திரையில் வெள்ளைப் புள்ளி என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்று நிறமும் சேர்ந்து ஒளிர்வதைத்தான் நம் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி மூன்று நிறமும் சேர்ந்த ஒரு புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். துளியைத் துடைத்துவிட்டுப் போனைக் கொடுத்தவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

இனிக் கணக்கு. குறைந்த விலை லேப்டாப்புகளில் நெடுங்காலமாக இருந்துவரும் திரை, அகலத்தில் 1,366 புள்ளி, உயரத்தில் 768 புள்ளி. பெருக்கிப் பாருங்கள்: 10,49,088. பத்து லட்சத்துக்கும் மேல்! இந்தத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதையும் பெருக்கினால் 6,29,45,280. ஒரு நொடியில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு, "நீ என்ன நிறம்?" என்று பதில் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டரின் முதன்மைப் பிராசசரை இந்த வேலைக்கு உட்கார வைத்தால் அது திணறிவிடும். அதற்குள் இருப்பவை சில பெரிய கணக்குப் பகுதிகள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, முந்தைய விடையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் வேலையில் அவை கெட்டிக்காரர்கள். புள்ளிகளுக்கு நிறம் போடும் வேலை அப்படிப்பட்டதல்ல. கணக்கு எளிது, ஆனால் ஒரே கணக்கை லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்ய வேண்டும். ஒரு புள்ளியின் விடைக்காக இன்னொரு புள்ளி காத்திருக்க வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. அதனால் ஜிபியுவில் சின்னச் சின்னக் கணக்குப் பகுதிகளை நிறைய அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிறார்கள். கார் விளையாட்டில் வரும் மலையும் சாலையும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆனவை; அவற்றின் மேல் நிறம் பூசுவதும் இந்தப் பகுதிகள்தான்.

அட்டை இருந்த காலம்

1996-இல் அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ என்ற கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டுவந்தது. விளையாட்டுப் பிரியர்கள் அதைப் பொருத்திய அட்டையை ஓடி ஓடி வாங்கினார்கள். அட்டையில் ஜிபியு மட்டும் இருந்தால் போதாது. படத்தை வைத்துக்கொள்ளத் தனி நினைவகச் சிப்கள், அவற்றைப் பொருத்த ஒரு பலகை, கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருக ஒரு ஸ்லாட் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு. வீட்டுக்கும் பள்ளிக்கும் மலிவுக் கம்ப்யூட்டர் செய்து விற்க நினைத்தவர்களுக்கு இந்த அட்டைதான் பெரிய தலைவலி.

"அட்டையை எடுத்துவிட்டால் என்ன?" என்று சிப்செட் செய்கிறவர்கள் யோசித்தார்கள். சிப்செட் என்பது பிராசசர், நினைவகம், டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் சிப்களின் கூட்டம். மதர்போர்டில் வழக்கமாக இரண்டு இருக்கும். பிராசசருக்கும் நினைவகத்துக்கும் நடுவே நிற்பதை நார்த்பிரிட்ஜ் என்பார்கள். மற்ற சாதனங்களைக் கவனிப்பது சவுத்பிரிட்ஜ். இந்த நார்த்பிரிட்ஜ் எப்படியும் இருந்தே ஆக வேண்டிய சிப். அதன் ஒரு மூலையில் ஜிபியுவையும் சேர்த்துச் செதுக்கிவிட்டால் அட்டையும் வேண்டாம், தனி நினைவகமும் வேண்டாம். கம்ப்யூட்டரின் பொது நினைவகமான ராமிலிருந்தே கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இன்டெல் 1999-இல் வெளியிட்ட 810 சிப்செட் இப்படித்தான் வந்தது. தைவானின் எஸ்ஐஎஸ், வியா நிறுவனங்களும் இதே போட்டியில் இருந்தன. கம்ப்யூட்டர் விலை இறங்கியது. ஆனால் விளையாட்டைப் போட்டால் படம் விக்கி விக்கி நகர்ந்தது. ஏன்?

ஒரே வாய்க்கால், இரண்டு வயல்

காவிரியின் கடைமடையில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஒரே வாய்க்காலில் இரண்டு வயல் பாய்கிறது என்று வையுங்கள். ஒரு வயலுக்கு மடை திறந்தால் மற்றதற்குத் தண்ணீர் குறையும். கம்ப்யூட்டரில் ராம்தான் தண்ணீர் இருக்குமிடம். பிராசசர் ஒரு வயல், ஜிபியு இன்னொரு வயல். தனி அட்டை இருந்தவரை ஜிபியுவுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அட்டை போனதும் இரண்டும் ஒரே வாய்க்காலை நம்பி நின்றன.

வாய்க்கால் எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். 810 சிப்செட் காலத்து ராம், நொடிக்கு அதிகபட்சம் 80 கோடி பைட் தரும். அன்றைய சாதாரணத் திரை 1,024-க்கு 768 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 75 முறை என்றால், கிட்டத்தட்ட 12 கோடி பைட் ஆகிறது. புதிதாக எதையும் வரையாமல், திரையை அப்படியே காட்டிக்கொண்டிருக்கவே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும்! மிச்சத்தில்தான் விளையாட்டின் கணக்கும் நடக்க வேண்டும், புதுப்படமும் வரைய வேண்டும்.

இதற்கு 2001-இல் ஒரு விடை வந்தது. கிராபிக்ஸ் அட்டைகளில் பேர் வாங்கியிருந்த என்விடியா, தானே சிப்செட் செய்ய இறங்கியது. என்ஃபோர்ஸ் என்று பெயர். தன் ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் அட்டையில் இருந்த ஜிபியுவையே அதற்குள் வைத்தது. இன்னொரு காரியமும் செய்தது: ராமுக்கு இரண்டு வாய்க்கால் வெட்டியது. இரண்டு ராம் குச்சிகளைப் போட்டால் இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்கலாம். நொடிக்கு 210 கோடி பைட் வந்த இடத்தில் 420 கோடி பைட் வந்தது. "சிப்செட் கிராபிக்ஸ் என்றால் மட்டமாகத்தான் இருக்கும்" என்ற பேச்சுக்கு அன்றுதான் முதல் அடி விழுந்தது.

அடுத்த ஆண்டே கனடாவின் ஏடிஐ தன் ரேடியான் கிராபிக்ஸைச் சிப்செட்டுக்குள் கொண்டுவந்தது. இன்டெல் 2004-இல் ஜிஎம்ஏ 900 என்ற புதிய கிராபிக்ஸைக் கொடுத்தது. 2006-இல் பிராசசர் செய்யும் ஏஎம்டி, 540 கோடி டாலருக்கு ஏடிஐயையே விலைக்கு வாங்கியது. 2008 மார்ச்சில் வந்த அதன் 780ஜி சிப்செட்டில், உயர்தர வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலைக்கென்று தனிச் சுற்றே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக் லேப்டாப்பில் என்விடியாவின் 9400எம் சிப்பைப் போட்டது. கிராபிக்ஸ் முன்பைவிட 5 மடங்கு வரை வேகம் என்று அறிவித்தது.

கவனித்தீர்களா? ஒருவர் நன்றாகச் செய்ததும் மற்றவர் சும்மா இருக்க முடியவில்லை. வாங்குகிறவருக்குக் கூடுதல் செலவில்லாமலே படம் மேம்பட்டுக்கொண்டே போனது.

நின்ற இடமே நகர்ந்துவிட்டது

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். அதுவரை ராமைக் கட்டுப்படுத்தியது நார்த்பிரிட்ஜ். பிராசசருக்கு ராமிலிருந்து ஒரு துணுக்குத் தகவல் வேண்டுமென்றாலும் நார்த்பிரிட்ஜிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதில் நேரம் வீணாகிறது. ஆகவே 2003-இல் ஏஎம்டியும், 2008 கடைசியில் இன்டெலும் ராமைக் கட்டுப்படுத்தும் சுற்றைத் தங்கள் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன.

இப்போது யோசியுங்கள். மடை பிராசசருக்குள் போய்விட்டது. நார்த்பிரிட்ஜில் இருக்கும் ஜிபியுவுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அப்படியானால் ஜிபியு எங்கே இருந்தால் நல்லது?

பிராசசருக்குள்தான்! 2010 ஜனவரியில் இன்டெல், பிராசசர் ஒரு துண்டு, கிராபிக்ஸ் ஒரு துண்டு என இரண்டு சிலிக்கான் துண்டுகளை ஒரே உறைக்குள் வைத்தது. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் என்ற பெயரில் இரண்டையும் ஒரே துண்டாகவே செதுக்கிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் ஏஎம்டி, லானோ என்ற சிப்பில் தன் ரேடியான் கிராபிக்ஸைச் சேர்த்து வந்தது. காணாமல் போன அட்டை ஒளிந்திருக்கும் இடம் அதுதான். கைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிலிக்கான் துண்டின் ஒரு பகுதியாக அது சுருங்கிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டது என்விடியா. நல்ல சிப்செட் கிராபிக்ஸ் கையில் இருந்தும், பொருத்துவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. இன்டெலின் புதிய பிராசசர்களுக்குச் சிப்செட் செய்யும் உரிமை என்விடியாவுக்கு உண்டா, இல்லையா என்று 2009-இல் இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றம் ஏறின. 2011 ஜனவரியில் சமரசம் ஆனது. என்விடியாவின் தொழில்நுட்ப உரிமைகளுக்காக 150 கோடி டாலரைத் தவணை முறையில் கொடுக்க இன்டெல் ஒப்புக்கொண்டது. அதற்குள் என்விடியா சிப்செட் தொழிலை ஏறக்கட்டியிருந்தது.

விலை குறைய இரண்டு காரணம் இருந்தது பார்த்தீர்களா? போட்டிக்கு ஆள் இருந்தது ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருளே வேண்டாம் என்று ஆனது இன்னொன்று. முதலில் அட்டை போயிற்று, பிறகு தனி நினைவகம், கடைசியில் நார்த்பிரிட்ஜே போயிற்று. மின்சாரம் கடக்க வேண்டிய தூரமும் குறைந்ததால் பேட்டரியும் கூடுதல் நேரம் நின்றது. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி விற்ற ஒரு ரைசன் சிப்பின் விலை 99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 6,400 ரூபாய். பிராசசரும் ஜிபியுவும் சேர்த்துத்தான் அந்த விலை!

வாஞ்சூர் தாண்டி ஒரு மடிக்கணினி

இந்தப் போட்டியின் பலன் நம் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது? நம் ஊர் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. அங்கே இருக்கும் உங்கள் அத்தை மகனோ மாமா மகளோ, அரசு கொடுத்த இலவச மடிக்கணினி வைத்திருக்கலாம். தமிழ்நாடு அந்தத் திட்டத்தைத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-இல். ஜிபியு பிராசசருக்குள் குடிபோன அதே ஆண்டு!

லட்சக்கணக்கில் வாங்க வேண்டியிருந்ததால், எல்காட் என்ற அரசு நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. என்னென்ன வசதி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதைக் குறைந்த விலைக்கு யார் தருவார் என்று நிறுவனங்களைப் போட்டியிட வைப்பதுதான் ஒப்பந்தப்புள்ளி. ஒரு மடிக்கணினியில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் 10 லட்சம் மடிக்கணினியில் எவ்வளவு மிச்சம்? 100 கோடி ரூபாய்! தனி கிராபிக்ஸ் அட்டை வைத்தால் இந்தக் கணக்கு கட்டுபடி ஆகுமா? சிப்புக்குள்ளேயே இருந்த கிராபிக்ஸை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகள் பாடக் காணொளி பார்த்தார்கள், படம் வரைந்தார்கள். விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது.

வீட்டிலோ பள்ளியிலோ விண்டோஸ் லேப்டாப் இருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்துக்குப் போங்கள். ராம் 4 ஜிபி என்று போட்டு, பயன்படுத்தக்கூடியது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று பக்கத்திலேயே காட்டும். அந்தக் குறையில் பெரும்பங்கு ஜிபியு தனக்கென்று ஒதுக்கிக்கொண்டதாக இருக்கலாம். சொந்தக் கிணறு இல்லாத வயல், பொதுத் தண்ணீரில் தன் பங்கை முன்பே பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போட்டி என்று வந்துவிட்டால் விளம்பரமும் கூடவே வரும். 2011-இல் இன்டெல் தன் பெரிய கிராபிக்ஸில் 12 கணக்குப் பகுதிகள் இருப்பதாகச் சொன்னது. ஏஎம்டி தன்னுடையதில் 400 என்றது. அப்படியானால் ஏஎம்டி 33 மடங்கு வேகமா? இல்லை. இரண்டு பேரும் எண்ணும் முறை வேறு. இன்டெல் ஒன்று என்று எண்ணும் பகுதி, ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும். அன்றைக்கு விளையாட்டில் ஏஎம்டியின் கிராபிக்ஸ்தான் முந்தியது. ஆனால் 33 மடங்கெல்லாம் இல்லை. இரண்டு பொருளை ஒப்பிட ஒரே விளையாட்டை, ஒரே அளவுத் திரையில் இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அறிவியலில் எதை ஒப்பிட்டாலும் இதுதான் முறை: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே.

போட்டி இன்னும் முடியவில்லை. உங்கள் செல்போனுக்குள்ளும் இதே கதைதான். நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனத்தை, சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2006-இல் வாங்கியது. அதிலிருந்து வந்ததுதான் மாலி ஜிபியு. செல்போன் சிப் செய்யும் குவால்காம் 2009-இல் ஏஎம்டியிடமிருந்து கைபேசி கிராபிக்ஸ் பிரிவை வாங்கியது, அதுதான் அட்ரினோ. உங்கள் போன் வந்த அட்டைப்பெட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2020-இல் ஆப்பிள் தன் லேப்டாப்புகளுக்கு எம்1 என்ற சொந்தச் சிப்பையே செய்துகொண்டது. அதில் பிராசசரும் ஜிபியுவும் ஒரே நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. 810 சிப்செட்டில் குறையாகத் தெரிந்த அதே ஏற்பாடு! வாய்க்காலைப் போதுமான அளவு அகலமாக வெட்டியதால் இப்போது அதுவே பெருமையாகிவிட்டது.

நீதிமன்றம் ஏறிய இன்டெலும் என்விடியாவும் என்ன ஆனார்கள் தெரியுமா? 2025 செப்டம்பரில் கைகோத்துவிட்டார்கள். என்விடியா இன்டெலில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது. இன்டெல் பிராசசரோடு என்விடியாவின் ஜிபியுவைச் சேர்த்து ஒரே சிப்பாக்கும் திட்டமும் அதில் இருக்கிறது. வாசல் அடைபட்டு வெளியே போனவர், கூட்டாளியாகத் திரும்பி வருகிறார்.

நம் நாட்டில் இந்த வேலை நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா மூன்றுக்கும் பெங்களூரில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடி சக்தி என்ற பிராசசரை வடிவமைத்து 2018-இல் சிப்பாகவே செய்து காட்டியது. அவ்வளவு தூரம் போவானேன்? காரைக்காலுக்கு வடக்கே திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது. அங்கே மின்னணுவியலும் கணினியியலும் படிக்கிற அண்ணன், அக்கா யாரையாவது தெரிந்தால் உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. கடையில் இரண்டு லேப்டாப் இருக்கின்றன. ஒரே பிராசசர், ஒரே விலை, தனி அட்டை எதிலும் இல்லை. ஒன்றில் 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருக்கிறது; இன்னொரு இடம் காலி. மற்றதில் 4 ஜிபி, 4 ஜிபி என இரண்டு குச்சி. கார் விளையாட்டு எதில் நன்றாக ஓடும்? இரண்டு ஆண்டு கழித்து ராமைக் கூட்டலாம் என்று அப்பா சொன்னால் எதை வாங்குவது நல்லது? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இல்லை. காரணத்தோடு எழுதிப் பார்த்து, வகுப்பில் விவாதியுங்கள்.